ஓம் சொல்லும் வேன்

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு மேர்சியக்கா வீட்டில் இருக்கிறார் என்று யாராவது சொன்னால், ஒடாஹுஹுப் புறநகரில் ஒரு தமிழரும் நம்பமாட்டார். பதினெட்டு வருடமாக அந்த நேரத்தில் அவரைத் தேட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: தமிழ்க் கிறிஸ்தவ சபையின் வெள்ளை வேனில், ஸ்டியரிங்குக்குப் பின்னால். காய்ச்சலோடும் போயிருக்கிறார். தங்கச்சியின் கலியாணத்துக்குச் சிட்னி போனவர், வெள்ளிக்கிழமையைத் தவறவிடக் கூடாதென்று வியாழனே விமானம் ஏறி வந்துவிட்டார். அப்பேர்ப்பட்ட மனிசி இன்றைக்குக் குசினி யன்னலடியில் நின்று, வேன் நிற்கும் இடத்தில் கிடந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சாரும், வந்து இருமன்,” என்றார் கணவர் ஜெயராசா, கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “கறையைப் பாத்துக்கொண்டு நிண்டால் வேன் வருமே?”

“நான் ஒண்டும் கறையைப் பாக்கேல்லை. மழை வருமோ எண்டு பாக்கிறன்.”

மழையாவது மண்ணாவது! வானம் துடைத்துவிட்டது போல் கிடந்தது. புதன்கிழமை சபைக் குழுவின் முன்னால் வேன் சாவியைத் தன் கையாலேயே மேசையில் வைத்துவிட்டு வந்தவர் அவர். அது திரும்பக் கிடைக்குமா, வெள்ளிக்கிழமைகளும் அந்தப் பிள்ளைகளும் இனித் தனக்கு உண்டா என்பதுதான் இரண்டு நாளாக அவர் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் காலையில் எழும்பி, பழக்கதோஷத்தில் இரண்டு தகரப் பேணிகளையும் நிரப்பி மேசையில் வைத்திருந்தார். ஒன்றில் பயற்றம் பணியாரம், மற்றதில் மிக்சர்.

அந்தச் சாவி அவர் கைக்கு வந்த கதையும் ஒரு வாய்த்துடுக்கில் தொடங்கியதுதான். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அது. வெள்ளைக்காரச் சபையொன்றின் மண்டபத்தை இரவல் வாங்கி நடந்துகொண்டிருந்த தமிழ்ச் சபை, பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கென்று வெள்ளிக்கிழமை ஆறரைக்கு ஒரு கூட்டம் தொடங்கியது. முதலில் தியானம், பிறகு விளையாட்டு, அதன் பிறகு ஊருக்கு உதவியாக ஏதாவது ஒரு வேலை. தாளில் எல்லாம் திறமாகத்தான் இருந்தது. ஆனால் சபைக் குடும்பங்கள் நகரத்தின் நாலு மூலையிலும் சிதறிக் கிடந்தன. தாய் தகப்பன் இரண்டு பேரும் வேலையில். முதல் வெள்ளி வந்தது இரண்டே இரண்டு பிள்ளைகள்.

“பிள்ளையள் இல்லாமல் தியானம் ஆருக்கு, கதிரையளுக்கோ?” என்று கூட்டத்தில் கேட்டார் மேர்சியக்கா.

அப்போதிருந்த போதகர் சிரித்துக்கொண்டே வேன் சாவியை நீட்டினார். “அப்ப நீங்களே ஏத்திக்கொண்டு வாங்கோ.”

எல்லர்ஸ்லியில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்த மேர்சியக்கா, அதுவரை ஓட்டிய பெரிய வாகனம் ஒரு பழைய கொரோலாதான். வாய் கொடுத்துவிட்டோமே, பின்வாங்க முடியுமா? வெஸ்ட்கேட்தான் ஆகத் தொலைவில், நகரத்தின் எல்லையிலிருந்தது. அந்தக் காலத்தில் கடைத்தொகுதி ஒன்றும், அதைச் சுற்றி மாடு மேயும் வெளியுந்தான் அங்கே. அங்கிருந்து தொடங்கி வீடு வீடாக ஹோர்ன் அடித்து, பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒடாஹுஹுவுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஏழே முக்கால். தியானம் நடத்த வந்தவர் வசனத்தைக் கதிரைகளுக்கே வாசித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்.

அடுத்த வெள்ளியிலிருந்து மேர்சியக்கா தியானத்தை வேனுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். வேதாகமக் கல்லூரியின் வாசற்படியைக்கூட மிதியாதவர். அவருக்குத் தெரிந்தது ஒரு வசனத்தைத் தமிழில் சொல்வது, பின்னால் இருக்கும் யாராவது அதை ஆங்கிலத்தில் சொல்லவைப்பது. பிறகு இரண்டு பேணிகளும் கைமாறிக் கைமாறிப் பின்வாங்கு இருக்கைவரை போகும்.

“இனிப்பு எடுத்தால் இந்தக் கிழமை நடந்த ஒரு நல்லதைச் சொல்லோணும். உறைப்பு எடுத்தால் மனசிலை காந்தினது ஒண்டைச் சொல்லோணும். வேனிலை கதைச்சது வேனோடை. வீட்டுக்குக் கொண்டுபோறேல்லை, நானும் கொண்டுபோகமாட்டன்.”

மோட்டார்வேயில் வாகனங்கள் ஊர்ந்தன. பேணிகள் காலியாகின. வீட்டில் கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளைகள் வேனுக்குள் வாய் ஓயாமல் கதைத்தார்கள். ராகவி கணக்கில் கோட்டை விட்டுவிட்டுத் தாயின் கையெழுத்தைத் தானே போட்ட கதையைச் சொல்லி அழுதாள். பிரணவி தன்னைப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் மதிய உணவுக்குக் கூப்பிடுவதில்லை என்றாள். அடுத்த திங்கள் ராகவியே அவளைத் தேடிப் போய்ப் பக்கத்தில் இருந்தாள். மேர்சியக்கா தெருவைப் பார்த்தபடி காது கொடுத்துக் கேட்பார், கடைசியில் சின்னதாக ஒரு ஜெபம் சொல்வார். புத்திமதி சொல்ல எங்கே நேரம், பக்கத்து லேனில் ஒருவன் குறுக்கே விழுந்துகொண்டிருப்பான்.

சுலக்ஷன் வந்தது இரண்டாம் வருடம். பதின்மூன்று வயது. தகப்பன் கேதீஸ்வரன் சைவம், தாய் வேதக்காரி. “என்ரை பிள்ளை கெட்டுப்போகாட்டில் சரி அக்கா. ஆர் கூட்டிக்கொண்டு போனாலும் முருகன் கோவிக்கமாட்டார்,” என்று கேதீஸ்வரனே மகனை வேனில் ஏற்றிவிட்டார். இந்தப் பெடியன்தான் ஒருநாள் பின்வாங்கிலிருந்து கேட்டான், எல்லாரும் ஆமென் ஆமென் என்கிறீர்களே, அதற்கு என்ன அர்த்தமென்று.

“அப்படியே ஆகட்டும் எண்டு அர்த்தம்.”

“அப்பிடியெண்டா?”

“அப்பிடியெண்டா...” முன்னால் போன கார் பிரேக் பிடித்தது. “கடவுளுக்கு நாங்கள் ஓம் எண்டு சொல்லுறம். அவ்வளவுதான், விடு.”

ஜெபம் முடிந்தது. எல்லாரும் ஆமென் என்ற இடத்தில் சுலக்ஷன் மட்டும் அடித்தொண்டையிலிருந்து “ஓம்!” என்றான். வேனே சிரித்துக் குலுங்கியது. மேர்சியக்கா கண்ணாடியில் அவனை முறைத்துப் பார்த்தார். அவன் பகிடி பண்ணவில்லை. அவனிடம் இருந்த பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களில் வீட்டில் சம்மதத்துக்குச் சொல்லும், முழுதாக அர்த்தம் தெரிந்த ஒரு சொல்லை எடுத்துக் கடவுளிடம் கொடுத்திருந்தான். அக்காவின் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குப் பிடித்த பழக்கம், வேனில் ஜெபம் முடிந்தால் ஓம்.

எத்தனை வெள்ளி! டிசம்பரில் கரோல் பாடப் போவார்கள். இங்கே அப்போது கோடை, இரவு எட்டரைக்கும் வெயில் எறிக்கும், நத்தார் தாத்தா வேடம் போட்டவன் பஞ்சுத் தாடிக்குள் வியர்த்து வழிவான், பாட்டு முடிந்ததும் எல்லாரும் டெயரி என்கிற மூலைக்கடையில் ஐஸ்கிறீமுக்கு நிற்பார்கள். ஒருமுறை அயலில் இருந்த டொங்கா நாட்டு அம்மா ஒருவரின் தோட்டத்தில் களை பிடுங்கப் போய், களையை விட்டுவிட்டு அவருடைய கீரைப் பாத்தியை அப்படியே வழித்துவிட்டார்கள். அந்த மனிசி வயிறு நோகச் சிரித்து, எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். அந்தக் கீரையைப் பிடுங்கிய சுலக்ஷனுக்கு இப்போது முப்பது வயது, எல்லர்ஸ்லியில் கணினிக் கம்பனி ஒன்றில் வேலை. தெருவில் கண்டால் இன்னும் “அக்கா, இனிப்போ உறைப்போ?” என்றுதான் கேட்பான். தனக்குப் பிள்ளையில்லை என்று மேர்சியக்கா ஒருநாளும் யாரிடமும் அழுததில்லை. வெள்ளிக்கிழமைகளில் அதற்கு நேரமும் இருந்ததில்லை.

வாட்டர்வியூ சுரங்கப்பாதை திறந்தபிறகு இன்னொரு பழக்கமும் வந்தது. வெஸ்ட்கேட்டிலிருந்து திரும்பும்போது அதற்குள்ளால்தான் வரவேண்டும். உள்ளே மங்கல் வெளிச்சம், ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியாது, வெள்ளிக்கிழமை நெரிசலில் வேன் நின்று நின்றுதான் நகரும். வெளியே சொல்ல முடியாத உறைப்புகளைப் பிள்ளைகள் அதற்குள் நுழையும்வரை வைத்திருக்கத் தொடங்கினார்கள்.

சிந்து பேசியதும் அதற்குள்தான்.

சிந்து, சபைச் செயலாளர் ஞானதுரையின் மகள். திருநெல்வேலிப் பக்கம் நாசரேத் அவர்கள் ஊர். தகப்பன் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை, நேர்மையானவர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டுகிறவர். ஒன்றரை வருடத்துக்கு முதல் தாய் இறந்துபோனாள். அதன் பிறகு வேனில் ஏறிய பதினைந்து வயதுப் பிள்ளை நாலு மாதம் பேணியைத் தொடவேயில்லை. மேர்சியக்காவும் வற்புறுத்தவில்லை. ஒரு வெள்ளி, சுரங்கத்தின் நடுவில், அவள் கை மிக்சர் பேணிக்குள் போனது.

“வீட்ல அம்மான்னு சொல்ல முடியல,” என்றாள். “சொன்னா அப்பா எழுந்திரிச்சுப் போயிடறார்.”

பின்வாங்கில் இருந்த தோழி லோஜனாவின் கை வந்து அவள் தோளில் விழுந்தது. மேர்சியக்கா ஜெபம் சொன்னார். முடிவில் எல்லாரோடும் சேர்ந்து சிந்துவும் “ஓம்” என்றாள். அதுவரை ஆமா என்று சொல்லி வளர்ந்த பிள்ளை.

இவ்வளவும் வேனோடு இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. போன ஞாயிறு சபையில் இளைஞர் ஞாயிறு வந்தது. பதினாறு வயது லோஜனா மேடையேறி, தாள் பார்க்காமல், அழகாக ஜெபம் பண்ணினாள். மேர்சியக்கா பூரித்துப்போய் இருந்தார். ஜெபம் முடிந்தது. சபை ஆமென் என்று வாய் திறக்க முன்னமே, முன்வரிசையிலிருந்த மற்றப் பிள்ளைகள் பதினொரு பேரும் ஒரே குரலில் “ஓம்!” என்றார்கள்.

யாழ்ப்பாணத்துச் சனம் வாயைப் பொத்திச் சிரித்தது. தமிழ்நாட்டுச் சனம் உறைந்துபோனது.

ஆராதனை முடிந்து தேநீர் மேசைக்கு வருமுன் ஞானதுரை வந்துவிட்டார். “என்னக்கா இது? கர்த்தரோட சந்நிதியில ஓம்னு மந்திரம் சொல்றாங்க! அதுல என் பொண்ணும் ஒருத்தி!”

“ஐயோ தம்பி, அது மந்திரம் இல்லை. நாங்கள் யெஸ் எண்டதுக்குச் சொல்லுறது.”

“அப்ப ஆமான்னு சொல்லட்டுமே!”

அந்த இடத்தில் மேர்சியக்கா பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தால் அவர் மேர்சியக்கா இல்லையே! “ஆமாவோ? அதென்ன, ஆமை ஊருற மாதிரிக் கிடக்கு.”

சுற்றி நின்ற நாலு பேர் சிரித்துவிட்டார்கள். ஞானதுரையின் முகம் கறுத்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம், அந்த ஒரு சிரிப்பால் புதன்கிழமைக் குழுக் கூட்டத்துக்குப் போனது.

இப்போதைய போதகர் வெற்றி மலேசியாக்காரர், இளம் ஆள், சண்டை என்றாலே ஒதுங்கிக்கொள்வார். “அக்கா, கொஞ்சம் விட்டுக் குடுங்க லா. இனிமே ஆமென்னே சொல்லுவாங்கன்னு சொல்லிடுங்க, முடிஞ்சுது.”

மேர்சியக்கா அதற்கும் தயாராகத்தான் போயிருந்தார். வெள்ளிக்கிழமைக்காக எதையும் விழுங்கலாம் என்று வீட்டிலேயே முடிவெடுத்திருந்தார். “சரி, பிள்ளையளுக்குச் சொல்லுறன்,” என்றார்.

ஆனால் ஞானதுரைக்கு வலித்தது அந்தச் சொல் மட்டும் இல்லை. “வேன்ல என்ன நடக்குதுன்னு குழுவுக்குத் தெரியணும். வீட்ல என் பொண்ணு வாயே தொறக்கிறதில்ல. கேட்டா ஒண்ணுமில்லங்கிறா. வேன்ல மட்டும் என்ன பேசுறா? என்ன சொல்லிக் குடுக்கறீங்க அந்தப் பிள்ளைக்கு? இப்பவே சொல்லுங்க.”

மேர்சியக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே ஒரு வசனம் போதும். உங்கடை பிள்ளை அம்மா எண்டு சொல்லுறதுக்குத்தான் தம்பி எங்கடை வேனுக்கு வாறது. சொன்னால் அந்த மனுஷன் குழுவின் முன்னால் தலை குனிந்திருப்பார், சாவியும் தங்கியிருக்கும். சிந்துவோ அதற்குப் பிறகு எந்த வேனிலும் வாய் திறந்திருக்கமாட்டாள்.

“வேனிலை கதைச்சது வேனோடை,” என்றார் மேர்சியக்கா.

“அப்ப வேனை நாங்க பாத்துக்கறோம்.”

அவர் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார். சாவி வளையத்தில் சுலக்ஷன் ஏதோவொரு முகாமில் செய்து கொடுத்த மரக்குருவி தொங்கியது. அதைக் கழற்றி எடுக்க நினைத்தார், கை வரவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம்கூடக் காரணம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வேன் ஓட்ட வேறு யாரும் முன்வராததால் ஞானதுரையே அரை நாள் லீவு போட்டிருக்கிறார் என்று மட்டும் வெற்றி பாஸ்டர் போனில் சொன்னார்.

ஐந்தரை ஆனது. இந்நேரம் சுரங்கத்துக்குள் இருப்பார்கள், என்று நினைத்தார். ஆறே கால் ஆனது. மண்டபத்துக்கு வந்திருப்பார்கள். பேணிகளைப் பார்த்தார். அழுதார், ஒளிக்காமல், குசினி மேசையில் முழங்கை ஊன்றி. ஜெயராசா கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றார், தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டார்.

ஏழு மணியளவில் ஒரு எஞ்சின் சத்தம். மேர்சியக்கா நிமிர்ந்தார். அந்த எஞ்சினை எந்த நித்திரையிலும் அவருக்குத் தெரியும். எட்டிப் பார்த்தால், வெள்ளை வேன் தபால் பெட்டியை உரசுகிற மாதிரி வந்து கோணலாக நின்றது. பன்னிரண்டு முகமும் யன்னலில். ஒருத்தரும் இறங்கவில்லை. ஞானதுரை மட்டும் இறங்கி வந்தார், கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது.

“உள்ளை வாங்கோ தம்பி.”

“இல்லக்கா, இங்கயே சொல்லிடறேன்.” வாசலில் நின்றார். “டனல்ல மாட்டிக்கிட்டோம். முன்னாடி லாரி ஒண்ணு நின்னுடுச்சு, நாப்பது நிமிஷம். பசங்க டப்பா எங்கன்னு கேட்டாங்க. என்ன டப்பான்னேன். லோஜனா வெளக்குனா. அப்புறம் டப்பா இல்லாமலே ஆரம்பிச்சுட்டாங்க.”

மேர்சியக்கா கதவை இன்னும் அகலத் திறந்தார்.

“சிந்து என் பக்கத்து சீட்டு. அவ முறை வந்துச்சு. வீட்ல அம்மான்னு சொன்னா அப்பா எழுந்திரிச்சுப் போயிடறார்னு சொன்னா. ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னா.” திரும்பி வேனைப் பார்த்தார். “முன்னாடி லாரி, பின்னாடி காரு. நான் எங்கக்கா எழுந்திரிச்சுப் போறது?”

மேர்சியக்கா வாசற்படியில் இறங்கினார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்களுக்கு முன்னாலயே தெரியும்ல. புதன்கிழமை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அப்பவே வாய மூடியிருப்பேனே.”

“சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இண்டைக்கு உங்களிட்டைச் சொல்லியிருக்குமோ, தம்பி?”

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். “நானும் ஒண்ணு சொன்னேன். அவ அம்மா பொடவையெல்லாம் கராஜ்ல பெட்டியில இருக்கு, தொறக்கப் பயமா இருக்குன்னு. சொன்னதும் பசங்க எல்லாரும்...” அந்தச் சொல்லைச் சொல்லாமல் வேனைக் கையால் காட்டினார். மேர்சியக்காவுக்கு அது என்ன சொல் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

“ஆமை எண்டு சொன்னது என்ரை பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“அது நல்லாத்தான் இருந்துச்சுக்கா,” என்று அழுகையோடு சிரித்தார் ஞானதுரை. “நம்ம ஓட்டுற வேகத்துக்கு ஆமைதான். மண்டபத்துக்குப் போகாம நேரா இங்க கொண்டாந்துட்டேன். இந்தாங்க.” மரக்குருவி தொங்கும் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

மேர்சியக்கா உள்ளே ஓடிப் பேணிகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு, சுவெட்டர் போட மறந்து, வீட்டுச் செருப்போடே வெளியே வந்தார். “தேத்தண்ணி?” என்று கேட்ட ஜெயராசாவிடம் “நீங்களே குடியுங்கோ!” என்று கத்திவிட்டு வேனில் ஏறினார். பின்னாலிருந்து எழும்பிய கூச்சலில் அயல் வீட்டு நாய் குரைத்தது. ஆசனத்தை முன்னுக்கு இழுத்தார், கண்ணாடியைத் திருப்பினார். அதில் சிந்து தெரிந்தாள், முன் சீட்டை விட்டுப் பின்வாங்கில் லோஜனாவுக்குப் பக்கத்தில் போய் இருந்து, கண் சிவந்து, தகப்பனையே பார்த்துக்கொண்டு. ஞானதுரை வேனுக்கு வெளியே, தன் காரை மண்டபத்தில் விட்ட ஞாபகம் வந்தவராய், ஏறுவதா நடப்பதா என்று தெரியாமல் நின்றார்.

மேர்சியக்கா பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். ஏறி இருந்தவரின் மடியில் மிக்சர் பேணியை வைத்தார்.

“வாற வெள்ளியும் எங்களோடை வருவீங்களோ, தம்பி?”

அவர் திரும்பி மகளைப் பார்த்தார்.

“ஓம்,” என்றார் நாசரேத்து ஞானதுரை.